பேர் அழிந்த கேசட்

1993 மே மாதம். முழுப் பரீட்சை முடிந்தாச்சு. சென்னையில் இருந்தால் வெயிலில் சுற்றிக் கறுத்துப் போவேன் என்று பழவேற்காட்டில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். கடற்கரை ஊருக்குப் போனால் கறுக்க மாட்டேன் என்று எந்தக் கணக்கில் நினைத்தார்களோ, இன்று வரை எனக்குப் புரியவில்லை.

பழவேற்காடு தெரியும்தானே? சென்னைக்கு வடக்கே, பொன்னேரி தாண்டி, ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். ஒரு பக்கம் வங்காள விரிகுடா. இன்னொரு பக்கம் ஏரி. சாதாரண ஏரி இல்லை. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், ஒரு ஓரம் தமிழ்நாட்டில். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே, ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா. கரையோரம் வரிசையாகக் குப்பங்கள்.

இரண்டே நாளில் ஏரி, கடல், பூநாரை எல்லாம் போரடித்துவிட்டது. மூன்றாம் நாள்தான் அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீடு. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை டி.வி. அதோடு ஒயர் போட்டு இணைத்த ஒரு வீடியோ கேம் பெட்டி. அரை மணி நேரத்துக்கு இரண்டு ரூபாய். நடுவில் கரண்ட் போனால் காசு திரும்ப வராது. மிச்ச நிமிஷத்தை வீட்டுக்கார அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார். பிற்காலத்தில் பி.காம். படித்தபோது பற்று வரவு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அங்கே இருந்தது ஏழெட்டு கேசட். அதில் ஒன்றுக்கு மட்டும் மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தது. போட்டால் டி.வி.யிலும் தலைப்பு வராது. யாரோ அழித்திருந்தார்கள். நேரே ஆட்டம்தான்.

ஒரு கடற்கரை. அதில் துப்பாக்கியோடு இரண்டு பேர் வந்து இறங்குகிறார்கள். நான் ஒருவன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் இன்னொருவன். எதிரே சிப்பாய்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சுட வேண்டும், குண்டு வீச வேண்டும், வழியில் டாங்கி கிடைத்தால் ஏறி ஓட்டலாம். இதுவரை எல்லா ஆட்டமும் ஒன்றுதான். ஆனால் இதில் ஒரு விசேஷம் உண்டு. அங்கங்கே சில பேரைக் கட்டிப் போட்டிருப்பார்கள். ஓடிப்போய்த் தொட்டால் விடுதலை, நமக்கு மார்க். அவசரத்தில் சுட்டுவிட்டால் மார்க் போய்விடும்.

எனக்குப் பார்ட்னராக வந்தவன் கோட்டைக்குப்பத்துப் பையன். என் வயசுதான். முதல் ஆட்டத்திலேயே இரண்டு கைதிகளைச் சுட்டுத் தள்ளினேன். அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

“டேய், கட்டிப்போட்ட ஆளைச் சுடாதடா. அவன் நம்மாளு.”

அந்த லீவு முழுக்க நாங்கள் அதைத்தான் ஆடினோம். பேர் தெரியாததால் நாங்களே ஒரு பேர் வைத்தோம். ‘கைதி கேம்.’

* * *

அதன் உண்மையான பேர் தெரிய எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு, பழைய வீடியோ கேம்களைக் கம்ப்யூட்டரில் ஆட வைக்கிற மென்பொருள் ஒன்று கைக்குக் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி, அதே கடற்கரை. அதே இரண்டு பேர். அதே கட்டிப்போட்ட கைதிகள்.

பேரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

‘குவேரா.’

ஆமாம். டி-ஷர்ட்டிலும் ஆட்டோ முதுகிலும் நாம் தினமும் பார்க்கிற அதே சே குவேராதான். பக்கத்தில் வருகிற இரண்டாவது ஆள் யார் தெரியுமா? ஃபிடல் காஸ்ட்ரோ. கடைசிக் கட்டத்தில் நாம் வீழ்த்த வேண்டிய வில்லன், கியூபாவின் சர்வாதிகாரி பாடிஸ்டா. பழவேற்காட்டில் இரண்டு ரூபாய்க்கு நானும் அந்தப் பையனும் நடத்திக்கொண்டிருந்தது கியூபப் புரட்சி. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது.

இந்த ஆட்டத்தைச் செய்தது ஜப்பானின் ஒசாகாவில் இருக்கிற எஸ்.என்.கே. என்ற கம்பெனி. 1978ல் ஆரம்பித்தது. கடைகளில் காசு போட்டு ஆடுகிற பெரிய பெட்டியில் ‘குவேரா’ வந்தது 1987ல். அடுத்த வருஷமே நிண்டெண்டோவின் வீட்டு விளையாட்டுப் பெட்டிக்கும் வந்துவிட்டது. ஜப்பானில் இதெல்லாம் ஒரு பிரச்னையே இல்லை.

அமெரிக்காவில் விற்க வேண்டும் என்றபோதுதான் சிக்கல். அது ரீகன் ஆண்ட காலம். பனிப்போர் முடியவில்லை. அமெரிக்கக் குழந்தை சே குவேராவாக மாறிச் சுடுகிற ஆட்டத்தை எந்த அப்பா வாங்கிக் கொடுப்பார்? யோசித்தார்கள். ஆட்டத்தை மாற்றவில்லை. கடற்கரை, காடு, கைதி எல்லாம் அப்படியே. பேரை மட்டும் எடுத்துவிட்டார்கள். ‘குவேரா’ போய் ‘கெரில்லா வார்’ வந்தது. சேயும் காஸ்ட்ரோவும் பேரில்லாத இரண்டு வீரர்கள் ஆனார்கள். கியூபா பேரில்லாத ஒரு தீவு ஆனது. பாடிஸ்டாவும் பேரில்லாத ஒரு கொடுங்கோலன்.

அந்தக் காலத்தில் இது ஒரு வழக்கமான வியாபார உத்தி. இன்னொரு ஜப்பானியக் கம்பெனியான கேப்காம் 1988ல் ஹிட்லர் உயிர்த்தெழுந்து வருவதாக ஓர் ஆட்டம் செய்தது. ஜப்பானில் தலைப்பிலேயே ஹிட்லர் பேர் இருந்தது. அமெரிக்கா போனபோது ‘பயானிக் கமாண்டோ’ என்று தலைப்பு மாறி, ஹிட்லரும் வேறு பேருக்கு மாறிவிட்டார்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ‘கான்ட்ரா’ கதை இன்னும் வேடிக்கை. முப்பது லைஃப் கிடைக்கிற மந்திரத்தை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்லுகிற நாற்பது வயசுக்காரர்கள் நம்மிடையே உண்டு. மேல் மேல் கீழ் கீழ் என்று ஆரம்பிக்குமே, அதுதான். அந்த ‘கான்ட்ரா’ என்பது யார்? நிகரகுவாவில் ஸாண்டினிஸ்டா என்ற இடதுசாரி அரசைக் கவிழ்க்க அமெரிக்கா காசு கொடுத்து வளர்த்த ஆயுதக் குழுக்களின் பேர் அது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை இவர்களுக்குத் திருப்பிவிட்டார்கள் என்ற ஊழல் 1986 நவம்பரில் வெடித்தது. மூன்றே மாதத்தில், 1987 பிப்ரவரியில், கொனாமி கம்பெனி ‘கான்ட்ரா’ ஆட்டத்தை வெளியிட்டது. ஆட்டத்தின் கதை என்னவோ வேற்றுக்கிரகவாசிகளோடு சண்டை. ஆனால் முடிவில் வருகிற இசைக்கு வைத்த பேர் ‘ஸாண்டினிஸ்டா.’ இதே ஆட்டம் ஐரோப்பாவுக்குப் போனபோது பேரும் மாறி, மனிதர்களும் மாறி, எல்லோரும் ரோபோக்கள் ஆகிவிட்டார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரே வருஷம். ஒரே நாடு. ஓர் ஆட்டத்தில் நீங்கள் புரட்சிக்காரர். இன்னொன்றில் புரட்சியைக் கவிழ்க்க வந்தவர்களின் பேரைச் சுமக்கிறவர். நாங்கள் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிவிட்டு, அத்தை வீட்டுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிட்டோம்.

* * *

ஒசாகாவில் பிறந்த சே குவேரா பழவேற்காட்டுக்கு எப்படி வந்தார்? வணிகவியல் மாணவனாக இதைச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

1991ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டோம் என்று பொதுவாகச் சொல்கிறோம். இயந்திரம், மூலப்பொருள் விஷயத்தில் அது சரி. ஆனால் வீட்டு உபயோகத்துக்கான வெளிநாட்டுச் சரக்குகளுக்கு அப்போது கதவு சரியாகத் திறக்கவில்லை. கடைசி 715 பொருள்களின் மீதான இறக்குமதிக் கட்டுப்பாடு நீங்கியதே 2001 ஏப்ரல் 1ம் தேதிதான். அதுவரை ஒரு விளையாட்டுப் பெட்டியை முறைப்படி கொண்டுவருவது என்பது கொம்புத்தேன். ‘சாமுராய்’ என்ற பேரில் இந்தியாவில் நிண்டெண்டோ பெட்டி விற்றார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகவில்லை.

கதவு மூடியிருந்தால் ஜன்னல். தைவானிலும் சீனாவிலும் நிண்டெண்டோ பெட்டியை அச்சு அசலாகக் காப்பியடித்துக் குறைந்த விலைக்கு விற்றார்கள். அதன் உள்ளே பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. 1983ல் வந்த நிண்டெண்டோ பெட்டியின் வேலை நினைவகம் வெறும் இரண்டு கேபி. இன்றைக்கு நீங்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற ஒரு குட்மார்னிங் படத்துக்குள் அது மாதிரி பல பெட்டிகளை அடைத்துவிடலாம். காப்பியடிப்பது சுலபம். கேசட்டும் அப்படித்தான். மேலே ‘9999 ஆட்டங்கள்’ என்று போட்டிருக்கும். உள்ளே சரக்கு இருப்பு எடுத்தால் ஐந்தாறுதான் தேறும். அதையே வேறு வேறு நம்பரில் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பார்கள்.

சென்னையில் இதெல்லாம் கிடைத்த இடம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் 1969ல் பாரிமுனையில் போட்ட கடைகள் அவை. அங்கிருந்து பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு என்று பஸ்ஸில் கேசட்டுகள் போயின.

காப்பியடித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்தின் முகப்பில் இருக்கிற கம்பெனிப் பேரை, காப்புரிமை வரியை அழித்துவிடுவார்கள். சில சமயம் தலைப்பையும் சேர்த்து. திருட்டுச் சரக்கில் விலாசம் எதற்கு? ஆக அமெரிக்காவில் அரசியலுக்காக ஒருமுறை அழிந்த பேர், எங்கள் கேசட்டில் பிழைப்புக்காக இன்னொரு முறை அழிந்திருந்தது.

* * *

சரி, ஆட்டத்தில் இல்லாத நிஜக் கதை என்ன?

ஆட்டத்தில் இரண்டு பேர் கம்பீரமாக மணலில் காலை வைப்பார்கள். நிஜத்தில் நடந்தது வேறு. 1956 நவம்பர் 25ம் தேதி, மெக்ஸிகோவின் டுக்ஸ்பான் துறைமுகத்திலிருந்து ‘கிரான்மா’ என்ற படகு கிளம்பியது. பத்துப் பன்னிரண்டு பேர் உல்லாசப் பயணம் போகக் கட்டிய படகு. அதில் ஏறியவர்கள் 82 பேர். துப்பாக்கி, தோட்டா, எரிபொருள் எல்லாம் தனி. படகு கடலில் திணறியது. பல பேர் வாந்தி எடுத்தே சுருண்டு விழுந்தார்கள். ஆஸ்துமாக்காரரான சே, டாக்டராக வந்தவர், மூச்சுக்குத் திண்டாடினார்.

கணக்குப்படி நவம்பர் 30ம் தேதி கரை சேர வேண்டும். அன்றைக்கு சாண்டியாகோ நகரத்தில் ஃபிராங்க் பாயிஸ் என்ற இளைஞரின் தலைமையில் கிளர்ச்சி நடந்தால், ராணுவத்தின் கவனம் அங்கே திரும்பும் என்பது திட்டம். கிளர்ச்சி சொன்ன தேதிக்கு நடந்தது. படகு வரவில்லை. இரண்டு நாள் தாமதமாக, டிசம்பர் 2ம் தேதி, கியூபாவின் கிழக்குப் பகுதியில் போய்ச் சிக்கியது. இறங்க நினைத்த இடம் கூட இல்லை அது. சதுப்புநிலக் காடு. இடுப்பளவு சேறு, காலைப் பின்னுகிற வேர்கள். கொண்டுவந்த சாமான்களில் பெரும்பகுதியைப் போட்டுவிட்டு, சேற்றுக்குள் மணிக்கணக்கில் நடந்துதான் கெட்டித் தரையைப் பார்த்தார்கள்.

மூன்று நாள் கழித்து, அலெக்ரியா தெ பியோ என்ற கரும்புத் தோட்டத்தில் ராணுவம் அவர்களைச் சுற்றி வளைத்தது. அந்தச் சண்டையில்தான் சேயின் முன்னால் இரண்டு பெட்டிகள் கிடந்தன. ஒன்று மருந்து. ஒன்று தோட்டா. இரண்டையும் தூக்கச் சக்தியில்லை. அவர் தோட்டாப் பெட்டியைத் தூக்கினார். பின்னாளில் அவரே இதை எழுதியிருக்கிறார். அடுத்த நிமிஷம் அவர் மேலேயே குண்டு பாய்ந்தது.

82 பேரில் மலைக்குப் போய் மறுபடி ஒன்று சேர்ந்தவர்கள் சுமார் இருபது பேர். மற்றவர்கள் செத்தார்கள், பிடிபட்டார்கள், சிதறிப் போனார்கள்.

அந்த இருபது பேர் எப்படிப் பிழைத்தார்கள்? ஆட்டத்தில் ஒரு உயிர் போனால் இன்னொரு உயிர் வரும். இங்கே வந்தவர்கள் குடியானவர்கள். சியர்ரா மாயெஸ்த்ரா மலையடிவாரத்து ஏழை விவசாயிகள் வழிகாட்டினார்கள், ஒளித்து வைத்தார்கள், சோறு போட்டார்கள். செலியா சான்செஸ் என்ற பெண், ஆட்களையும் ஆயுதத்தையும் மருந்தையும் மலைக்கு அனுப்புகிற ஒரு வலையையே பின்னி வைத்திருந்தார். இவர்கள் யாரும் ‘குவேரா’ ஆட்டத்தில் வரவில்லை. இரண்டு பேர் போய் ஒரு ராணுவத்தை ஜெயித்தார்கள் என்பது காசு போட்டு ஆடுகிற பெட்டிக்குச் சரி. இரண்டு வருஷம் ஒரு மலையே சேர்ந்து இழுத்த தேர் அது. 1959 ஜனவரி 1ம் தேதி விடிவதற்குள் பாடிஸ்டா விமானம் ஏறி ஓடினார்.

அதற்குப் பிறகு நடந்ததும் ஆட்டத்தில் கிடையாது. ஜெயித்த கையோடு ஹவானாவின் லா கபானா கோட்டைக்குப் பொறுப்பாளராக சே நியமிக்கப்பட்டார். பழைய ஆட்சியின் ஆட்களை அங்கே விசாரித்துச் சுட்டுக் கொன்றார்கள். விசாரணை என்ற பேரில் நடந்தது நியாயமா என்று அன்றைக்கே உலகம் கேட்டது. கட்டிப்போட்ட ஆளைச் சுட்டால் மார்க் போகும் என்பது விளையாட்டு விதி. நிஜப் புரட்சி அந்த விதியைக் காப்பாற்றவில்லை.

அதே 1959ல் சே ஒரு நீண்ட பயணம் கிளம்பினார். நம் டெல்லிக்கு வந்து பிரதமர் நேருவைச் சந்தித்தார். பிறகு ஜப்பான். ஒசாகா வரை போனவர், அங்கிருந்து ஹிரோஷிமாவுக்குப் போய் அணுகுண்டில் செத்தவர்களுக்கு மலர் வைத்துவிட்டு வந்தார். ஆட்டம் பிறந்தது அதே ஒசாகாவில், 28 வருஷம் கழித்து. அப்போது சே உயிரோடு இல்லை. 1967 அக்டோபர் 9ம் தேதி, பொலிவியாவின் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவரும் ஒரு கைதிதான்.

இந்தக் கதைக்கு ஒரு வணிகவியல் வால் இருக்கிறது. 2018ல் எஸ்.என்.கே. தன் நாற்பதாவது வருஷத்துக்காகப் பழைய ஆட்டங்களைத் தொகுத்து வெளியிட்டது. இதுவும் அதில் இருந்தது. நான்கு வருஷம் கழித்து, 2022ல், எஸ்.என்.கே.யின் 96 சதவீதப் பங்குகள் கைமாறியிருந்தன. வாங்கியது யார்? சவூதி அரேபியாவின் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் நிறுவிய அறக்கட்டளையின் துணை நிறுவனம். மன்னராட்சி நாட்டு இளவரசரின் அறக்கட்டளையிடம் சே குவேரா. பங்குச் சந்தைக்கு நகைச்சுவை உணர்ச்சி கிடையாது என்று யார் சொன்னது?

* * *

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு பழவேற்காட்டுக்குப் போக வேண்டும் என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். அத்தையும் மாமாவும் எப்போதோ ஊரைவிட்டு வந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனேன்.

என் பழைய பார்ட்னரைத் தேடிக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்தான் ஆயிற்று. இப்போது சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான். ஏரியில் இறால், கடலில் மீன். இங்கே ஏரியில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போட்டுவிட முடியாது. ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று ஊர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அந்த உரிமையுள்ள ஊர்களில் கோட்டைக்குப்பமும் ஒன்று.

“கேம் ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“கட்டிப்போட்ட ஆளைச் சுடாத” என்றான் உடனே. சிரித்தோம்.

குவேரா கதையைச் சொன்னேன். சேற்றில் மாட்டிய படகு என்றதும் அவன் முகம் மாறியது. “எந்த மாசம்? டிசம்பரா? அலை தெரியாம ஏன் இறங்குனாங்க?” என்றான். ஆட்டத்தைச் செய்த ஜப்பான்காரர்களுக்குத் தோன்றாத கேள்வி.

பிறகு நான் கேட்டேன். “உங்க ஊருக்கு ஏன் கோட்டைக்குப்பம்னு பேரு?”

“கோட்டை இருந்துச்சு. அதான்.”

“யார் கோட்டை?”

“டச்சுக்காரன்னு சொல்லுவாங்க. இப்ப ஒண்ணும் இல்ல. முள்ளுக்காடு.”

அழைத்துப் போனான். உண்மைதான். மேடும், புதரும், அங்கங்கே செங்கல்லும். இதுதான் ஜெல்டிரியா கோட்டை. சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர அரசர் வேங்கடபதியிடம் அனுமதி வாங்கி டச்சுக் கம்பெனி இங்கே கடை போட்டது. 1612ல் சாந்தோம் போர்ச்சுக்கீசியர்கள் வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். அதனால் 1613ல் கோட்டையாகவே கட்டிவிட்டார்கள். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பேரை வைத்தார்கள். சோழமண்டலக் கடற்கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் 1690 வரை இதுதான். சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டை எழுவதற்கு இருபத்தாறு வருஷம் முன்னாலேயே இந்தக் கோட்டை இருந்தது.

இங்கே துணி வியாபாரம் நடந்தது என்று பாடப்புத்தகத்தில் வரும். இன்னொரு சரக்கும் இருந்தது. வெடிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்து அரைக்கிற ஆலையை 1620களிலேயே இங்கே டச்சுக்காரர்கள் நடத்தினார்கள். படேவியாவுக்கும் கிழக்கிந்தியத் தீவுகளின் மற்ற டச்சு முகாம்களுக்கும் இங்கிருந்து வெடிமருந்து போனது. கிழக்கே டச்சுக்காரர்கள் சுட்ட பல குண்டுகளுக்குப் பின்னால் இருந்தது பழவேற்காட்டு மருந்து. நாங்கள் பொத்தானை அமுக்கிக் குண்டு வீசி விளையாடிய அந்த ஓட்டு வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இதெல்லாம் நடந்திருக்கிறது.

மூன்றாவது சரக்கு ஒன்று உண்டு. மனிதர்கள்.

1619ல் டச்சுக்காரர்கள் படேவியாவை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, பிடித்தார்கள். 1621ல் ஜாதிக்காய் விளைகிற பாண்டா தீவுகளைக் கைப்பற்றி, அங்கிருந்த மக்களில் பெரும்பகுதியைக் கொன்றும் துரத்தியும் தீர்த்தார்கள். ஊர் காலி. வேலைக்கு ஆள் வேண்டும். சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வரும்போதெல்லாம் பசியில் தன்னையும் பிள்ளையையும் விற்றவர்கள், தரகர்களிடம் சிக்கியவர்கள், கடத்தப்பட்டவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேரை வாங்கி ஏற்றினார்கள். பழவேற்காடு அந்த வியாபாரத்தின் முக்கியமான துறைகளில் ஒன்று. பெரிய கப்பல் இங்கே கரைக்கு வர முடியாது. சிறு படகில் ஏற்றித்தான் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

போனவர்களின் பேர் இந்த ஊரில் எங்கேயும் இல்லை. கொண்டுபோனவர்களின் பேர் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் தொல்லியல் துறை பாதுகாக்கிற டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். உள்ளே கம்பெனி அதிகாரிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பேர், தேதி, குலச்சின்னம் எல்லாம் பொறித்த கற்பலகைகள். நானூறு வருஷம் ஆகப்போகிறது, எழுத்து இன்னும் படிக்க முடிகிறது. 1825ல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலேயர் கைக்கு மாறிய பிறகும் அந்தக் கற்களை யாரும் தொடவில்லை.

திரும்பி நண்பன் வீட்டுக்கு வந்தோம். அவன் மகன், பத்தாவது படிக்கிறவன், திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ சண்டை ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். கலரும் சத்தமும் அமர்க்களம். நண்பன் எட்டிப் பார்த்தான்.

“இதுல கட்டிப்போட்ட ஆளுங்க யாரும் இல்லையாடா?”

“இல்லப்பா. எல்லாரையும் சுடணும். கடைசியா நிக்கிறவன் ஜெயிச்சான்.”

நான் அவனிடம் கோட்டையைப் பற்றிச் சொன்னேன். வெடிமருந்து ஆலை என்றதும் போனைக் கீழே வைத்தான். அடிமைக் கப்பல் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“நம்ம ஊர்லருந்தா சார்?”

“நம்ம ஊர்லருந்துதான்.”

“அவங்கள யாராச்சும் காப்பாத்துனாங்களா?”

இல்லை என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் முகத்துவாரம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அப்பாவிடம் கேட்டான். “எங்க ஸ்கூல்ல இதைச் சொல்லவே இல்லையேப்பா. உனக்குத் தெரியுமா?”

நண்பன் என்னைப் பார்த்தான். “எனக்கே இப்பத்தான்டா தெரியும்” என்றான்.